சீட்டாட்டத்தில் ஒரு வழக்கு

சீட்டு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிக்கும் பெரியோர் நம் சங்கத்தில் பலர் உளர். அவர்கள் சுளிப்பதில் தவறில்லை. சீட்டாடிக் கெட்ட குடும்பங்களை அவர்கள் கண்ணாரக் கண்டிருக்கின்றனர். ஆயினும் நாம் இங்கு எழுதப் புகுவது பணம் வைத்து ஆடும் சூதைப் பற்றியதன்று. நம் பிள்ளைகள் இக்காலத்தில் பை பையாகச் சேர்த்தும், தம்முள் மாற்றிக்கொண்டும், எதிரெதிர் அமர்ந்து ஆடியும் வரும் படஅட்டைகளைப் பற்றியது. அந்த ஆட்டத்தில் எழுந்த வழக்கொன்று நம் திண்ணைக்கு வந்தது. அதில் நாம் முதலில் தவறியதையும், பின்னர்க் கற்றதையும் மறைக்காமல் அன்பர்கள் முன் வைக்கிறோம்.

நம் பணி சென்னையில், ரயில்வேயில் எழுத்தர் வேலை. பெற்றோரும் மனைவி மக்களும் இருப்பதோ தெற்கு அந்தமானில், காரச்சர்மாவில். அண்மையிலுள்ள நகரத்தின் பெயர் 2024 ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என மாறியது. எனினும் நம் வீட்டார் வாயில் அது இன்னும் போர்ட் பிளேர்தான். ரயிலே ஓடாத தீவில் ரயில்வேக்காரர் ஒருவர் குடியிருந்தால் அவருக்கு என்ன மதிப்பிருக்கும்? ஒரே ஒரு மதிப்பு உண்டு. எதையும் விதிப்படி பேசுகிறவர் என்று அண்டை அயலார் எண்ணிக்கொள்வர். சங்கத் தேர்தலில் வாக்கு எண்ணுவது முதல், கேரம் பலகையில் சிவப்புக் காய் விழுந்த தகராறு வரை நம்மிடம் கொண்டு வருவர். விடுமுறைக்கு நாம் கப்பலை விட்டு இறங்கும் நாளுக்காகச் சில வழக்குகள் காத்திருப்பதும் உண்டு.

சென்ற கோடை விடுமுறையில் காத்திருந்த வழக்கில் வாதி ஒன்பது வயதுச் சிறுவன். அடுத்த வீட்டுப் பிள்ளை. பிரதிவாதி பன்னிரண்டு வயதான நம் மகன்.

அடுத்த வீட்டாரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். அச்சிறுவனின் பாட்டியார் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 ஆம் ஆண்டில் சாஸ்திரி அவர்களும் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பின் தாயகம் திரும்பியோரில் ஒரு பகுதியினர் நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கச்சாலில், ரப்பர்த் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப் பெற்றனர். அவ்வாறு வந்த குடும்பம் அது. 2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலை கச்சாலை எவ்வாறு சூறையாடியது என்பதை நம் தீவினர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதன்பின் இவர்கள் காரச்சர்மாவுக்கு வந்து நம் வேலிக்கு அப்பால் குடியேறினர். நாம் ஆண்டில் பத்து மாதம் வீட்டில் இல்லாதவர். நம் தாயாருக்குக் காய்ச்சல் என்றால் முதலில் ஓடி வருபவர் அந்தப் பாட்டியார்தான். இரு வீட்டுக்கும் இடையே நாள்தோறும் ஒரு குழம்புக் கிண்ணம் வேலிமேல் போய் வந்துகொண்டிருக்கும். சீட்டு வழக்கினால் அந்தக் கிண்ணம் நின்றது என்றால், வழக்கு சிறியது என்று எவரும் கூறமாட்டார்.

வழக்கின் விவரம்

பிள்ளைகள் ஆடியது போக்கிமான் என்னும் அட்டையாட்டம். 1996 ஆம் ஆண்டு ஜப்பானில் முதன்முதலாக வெளிவந்து உலகெங்கும் பரவியது. ஆடுகிறவர் ஒவ்வொருவரும் தாம் சேர்த்த அட்டைகளிலிருந்து 60 அட்டைகளைத் தேர்ந்து ஒரு கட்டு அமைத்துக்கொள்வர். அடிப்படை ஆற்றல் அட்டைகள் நீங்கலாக, ஒரே பெயருள்ள அட்டை நான்கிற்கு மேல் கட்டில் இருத்தல் கூடாது. தொடக்கத்தில் 6 அட்டைகளைப் பரிசு அட்டைகள் எனக் கவிழ்த்து ஒதுக்கி வைப்பர். எதிராளியின் பிராணியை வீழ்த்தும்போதெல்லாம் தம் பரிசு அட்டையை எடுத்துக்கொண்டு வரவேண்டும். ஆறையும் முதலில் எடுத்தவர் வென்றவராவார். தோற்கும் வழிகள் வேறு சிலவும் உண்டு. அவை இவ்வழக்கிற்குத் தேவையில்லை.

நம் மகனுக்கு ஒரே ஒரு பரிசு அட்டை எஞ்சியிருந்தது. அடுத்த வீட்டுச் சிறுவனின் பிராணிக்கு உயிர்ப்புள்ளி 50 மீதியிருந்தது. நம் மகன் தன் பிராணியைக் கொண்டு தாக்கினான். எதிர்ப்பிராணிக்கு அவ்வகைத் தாக்குதலில் பலவீனம் உண்டு. பலவீனம் இருந்தால் சேதம் இரு மடங்காகும். “முப்பது, இரண்டு மடங்கு அறுபது, உன் பிராணி செத்தது” என்று கூறிக் கடைசிப் பரிசை எடுத்துவிட்டான். அத்தோடு நின்றானா? “ஜெயித்தவனுக்கே அட்டை” என்று சொல்லி, சிறுவனின் கட்டிலே மிகச் சிறந்த அட்டையைத் தனதாக்கிக்கொண்டான். அன்று மாலையே அதைப் பள்ளித் தோழன் ஒருவனிடம் கொடுத்து, பளபளக்கும் அட்டைகள் இரண்டை மாற்றாக வாங்கியும் விட்டான்.

நாம் மூன்று நாள் கப்பலில் வந்து இறங்கிய களைப்பில் இருந்தோம். வழக்கைக் கேட்டோம். பலவீனம் இரு மடங்குதானே என்று வினவினோம். ஆம் என்றனர் இருவரும். முப்பதை இரண்டால் பெருக்கினால் அறுபது. அறுபது ஐம்பதினும் பெரிது. இதில் விசாரிக்க என்ன இருக்கிறது? “தோல்வியை ஒப்புக்கொள்வதும் ஒரு வீரம், தம்பி” என்று சிறுவனுக்கு ஓர் உபதேசமும் செய்து அனுப்பினோம்.

சிறுவன் அழவில்லை. படிக்கட்டில் நின்று, “மாமா, நீங்க அந்த அட்டையைப் படிச்சுப் பார்த்தீங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான். நாம் படித்துப் பார்க்கவில்லை. தந்தை வழக்கு விசாரித்தார், மகன் வென்றான், ஆவணம் பார்க்கப்படவில்லை. அலுவலகத்தில் நமக்குக் கீழுள்ளவர் இவ்வாறு ஒரு கோப்பை முடித்திருந்தால் நாம் விட்டிருப்போமா? மறுநாள் கிண்ணம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

கப்பல் தளத்து ஆட்டம்

இவ்விடத்தில் நம் தீவினர் அனைவரும் அறிந்த ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். சென்னைக்கும் நம் தீவுக்கும் இடையே கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். அந்த மூன்று நாளைப் போக்கப் பயணிகள் கையாளும் வழிகளில் சீட்டும் ஒன்று. கப்பலில் மலையாள அன்பர்களும் தமிழரும் சேர்ந்து ஆடுவது பெரும்பாலும் இருபத்தெட்டு. அடுத்த வீட்டுப் பாட்டியார் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஆட்டமோ முந்நூற்று நான்கு.

இவை இரண்டும் உடன்பிறப்புகள். நால்வர் ஆடும்போது இரண்டிற்கும் ஏழு முதல் ஏஸ் வரையிலான 32 சீட்டுகளே போதும். இரண்டிலும் ஜாக்கிதான் உச்சம், அடுத்தது ஒன்பது. ராஜாவும் ராணியும் பத்துக்கும் கீழே நிற்பர். இருபத்தெட்டில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஆக ஓர் இனத்திற்கு 7, நான்கு இனத்திற்கு 28. முந்நூற்று நான்கில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்திற்கு 76, நான்கிற்கும் சேர்த்து 304. ஆட்டத்தின் பெயரே கணக்கைச் சொல்லிவிடுகிறது.

கணக்கில் தகராறு எழுவதில்லை; துருப்பில்தான் எழும். கேள்வி கூறியவர் துருப்பைக் கவிழ்த்து மறைத்து வைக்கிறார். இறக்கிய இனம் தம் கையில் இல்லாத ஒருவர், துருப்பைக் காட்டுமாறு கேட்கிறார். கேட்டபின் அவர் துருப்பைத்தான் இறக்கவேண்டுமா, அன்றி வேறு சீட்டைக் கழிக்கலாமா? ஒரு மேசையில் கட்டாயம் என்பர்; மற்றொரு மேசையில் கட்டாயமில்லை என்பர். இரண்டும் அந்தந்த ஊரில் முறையே. இந்த ஆட்டங்களுக்கு எல்லோரும் ஒப்பிய ஒரே விதி நூல் கிடையாது, வழக்கமே விதி. ஆகவே கப்பலில் பல ஊரார் கூடும்போது, அனுபவமுள்ளவர் சீட்டைக் கலைக்குமுன், “உங்கள் பக்கத்தில் எப்படி?” என்று கேட்டுக்கொள்வார். இரண்டு வார்த்தையில் முடிவாகிவிடும். கேட்காமல் தொடங்கிய மேசையில்தான் நடுக்கடலில் கூச்சல் எழும். ஏனெனில், கையில் சீட்டு வந்தபின் எவரும் விதியைப் பற்றிப் பேசுவதில்லை. தம் கைக்கு எது ஆதாயமோ அதைத்தான் விதியென்று பேசுவர்.

எழுதி வைத்த விதி

பிள்ளைகளின் அட்டையாட்டம் இதற்கு நேர்மாறானது. அங்கே வழக்கம் சிறிது, எழுத்து மிகுதி. ஒவ்வோர் அட்டையிலும் அது செய்யும் செயல் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வாறாயின் தகராறு குறையவேண்டுமே! குறைவதில்லை. அதன் காரணத்தை ஆராயப் புகுந்தபோதுதான் நாம் வியப்புற்றோம்.

இவ்வகை ஆட்டங்களுக்கு மூத்தது மேஜிக்: தி கேதரிங் என்பது. ரிச்சர்டு கார்பீல்டு என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் படைத்தது. 1993 ஆம் ஆண்டு வெளிவந்தது. இன்று அதில் 25,000க்கும் மேற்பட்ட வகை அட்டைகள் உள்ளன. அதன் முழு விதித் தொகுப்பு 200 பக்கங்களைத் தாண்டும். அத்தொகுப்பின் தலைவாயிலில் இரண்டு விதிகள் காவலர்போல் நிற்கின்றன. முதலாவது: அட்டையிலுள்ள வாசகமும் பொது விதியும் முரண்பட்டால் அட்டையே மேலானது. இரண்டாவது: ஒன்று ‘செய்யலாம்’ என்றும் மற்றொன்று ‘செய்யக்கூடாது’ என்றும் கூறினால் ‘கூடாது’ என்பதே நிலைக்கும்.

முதல் விதி தமிழ் இலக்கணம் பயின்றோர்க்குப் புதிதன்று. பொதுவிதி கூறி, அதனின் விலகுவதற்குச் சிறப்பு விதி கூறி, எஞ்சியதற்குப் புறனடை வகுப்பது நம் நூலோர் மரபு. பொதுவிதி எங்கும் செல்லும். சிறப்பு விதி தன் எல்லைக்குள் அதை விலக்கும். ரயில்வேயில் நாம் பழகியது இதற்கு மாறு. 1976 ஆம் ஆண்டின் பொது விதிகள் நாடு முழுவதற்கும் உரியவை. ஒவ்வொரு மண்டல ரயில்வேயும் தனக்கெனத் துணை விதிகள் வகுத்துக்கொள்ளலாம்; ஆனால் அவை பொது விதிக்கு முரணாதல் கூடாது. ஆட்டத்தில் விதி முறிவதே சுவை. தண்டவாளத்தில் விதி முறிந்தால் உயிர்ச்சேதம். இடமறிந்து விதி வகுத்திருக்கின்றனர்.

இரண்டாவது விதியோ நமக்கு உடனே விளங்கிற்று. சிக்னல் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை, அல்லது விளக்கு எரியவில்லை, அல்லது தெளிவின்றிக் காட்டுகிறது என்றால், ரயிலோட்டி அதை மிகக் கடுமையான தடையைக் காட்டும் சிக்னலாகவே கொள்ளவேண்டும் என்பது நம் பொது விதி. ஐயம் எழுந்த இடத்தில் ‘போகலாம்’ என்பது தோற்று, ‘நில்’ என்பது வெல்கிறது. இந்த விதி பின்னர் நம் வழக்கிலும் பயன்பட்டது.

மற்றுமொரு சிக்கல், எது முந்தி நடக்கும் என்பது. ஒருவர் தாக்கும் அட்டையை இறக்குகிறார். அது பலிக்குமுன் மற்றவர் காக்கும் அட்டையை இறக்குகிறார். எது முதலில் பலிக்கும்? 1999 ஆம் ஆண்டு மேஜிக் ஆட்டத்தில் இதற்கு எளிய ஒழுங்கொன்று வகுத்தனர். நம் வீட்டு அடுக்குச் சாப்பாட்டுக் கேரியரை நினைத்துக்கொள்க. அடியில் வைத்த சோறு முதலில் வைக்கப்பட்டது. மேலே வைத்த பொரியல் கடைசியில் வைக்கப்பட்டது. திறக்கும்போது பொரியல்தான் முதலில் வெளிவரும். அதுபோலக் கடைசியாக இறக்கியது முதலில் பலிக்கும். இந்த ஓர் ஒழுங்கினால் தீர்ந்த சண்டைகள் கணக்கில்லை.

இத்தனை விதிகளும் சேர்ந்து எவ்வளவு ஆழமாகிவிட்டன தெரியுமா? மேஜிக் ஆட்டத்தில், எத்தகைய கணிப்பொறி முறையாலும் முடிவு கூற இயலாத நிலைகளை அமைக்கலாம் என 2019 ஆம் ஆண்டு ஆய்வாளர் மூவர் நிறுவிக் காட்டினர். ஒவ்வோர் அடியும் விதிப்படி தெளிவாக இருக்கும்; கடைசியில் யார் வெல்வார் என்பதை மட்டும் முன்கூட்டிக் கணக்கிட இயலாது. பிள்ளைகள் விளையாட்டு என்று நாம் புறக்கணிப்பதில் இவ்வளவு இருக்கிறது!

பெரிய போட்டிகளில் இதற்கென நடுவர் அமர்கின்றனர். நடுவரின் தீர்ப்பு தவறெனத் தோன்றினால் தலைமை நடுவரிடம் முறையிடலாம். அவர் சொல் இறுதி. தவறு நேர்ந்த இடத்திற்கு ஆட்டத்தைப் பின்னோக்கிக் கொண்டுசெல்வதும் உண்டு. ஆனால் இடையில் அதிகம் நடந்துவிட்டால் அவ்வாறு செய்வதில்லை. நம் திண்ணையில் தலைமை நடுவர் எவருமிலர். நம் தீர்ப்பின்மேல் முறையீடு வந்தால் நாமேதான் கேட்கவேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை படிக்கட்டில் நின்று கேட்ட ஒற்றைக் கேள்வியை நாம் மேல்முறையீடாக எடுத்துக்கொண்டோம்.

ஒரு சொல்லின் வேற்றுமை

அட்டையை வரவழைத்துப் படித்தோம். அதில் ‘30 சேதம் விளைவிக்கும்’ என்று அச்சிடப்படவில்லை. ‘எதிராளியின் பிராணிமேல் 3 சேதக் காய்களை வைக்கவும்’ என்றே ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு காய்க்குப் பத்துப் புள்ளி. மூன்று காய் வைத்தாலும் முப்பதுதானே, வேற்றுமை என்ன என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நாமும் கேட்டோம். விதி நூலைப் படித்த பின்னரே ஐயம் தெளிந்தது.

இவ்வாட்டத்தில் ‘சேதம்’ என்பது ஒன்று. ‘சேதக் காய் வைத்தல்’ என்பது வேறொன்று. தாக்குதலின் சேதத்தைக் கணக்கிட ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அட்டையிலுள்ள தொகை, பின் தாக்குபவர் பக்கத்து மாற்றங்கள், பின் பலவீனம், பின் எதிர்ப்பு, பின் தாக்கப்படுபவர் பக்கத்து மாற்றங்கள், இறுதியாக எஞ்சிய தொகைக்குக் காய் வைத்தல். நேரே காய் வை என்று கூறும் அட்டை இந்த வரிசைக்குள் நுழைவதே இல்லை. கடைசிப் படியில் நேராக வந்து நிற்கிறது. எனவே பலவீனமும் அதைத் தொடாது, எதிர்ப்பும் தொடாது. அறுபது என்பது பிழை, முப்பதே சரி. ஐம்பதில் முப்பது போக இருபது மீதி. சிறுவனின் பிராணி சாகவில்லை. நம் மகன் வெல்லவில்லை.

இன்னொரு செய்தியையும் பெற்றோர் அறிதல் நலம். கடைகளில் பொன்னிறத் தகடுபோல் மின்னும் அட்டைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுள் பல போலிகள். அவற்றிலுள்ள வாசகத்தில் எண்கள் மாறியும் சொற்கள் சிதைந்தும் இருப்பதுண்டு. ‘அட்டையே மேலானது’ என்னும் விதியைப் போலி அட்டைக்கும் பொருத்தினால் ஆட்டம் என்னாகும்? அத்தகைய அட்டை வந்தால் உண்மை அட்டையின் வாசகத்தைத் தேடிப் பார்த்து அதன்படியே தீர்க்கவேண்டும். உண்மை அட்டைகளுக்கும் திருத்தம் உண்டு. மேஜிக் ஆட்டத்தில் பழைய அட்டையின் அச்சு எவ்வாறிருப்பினும், நிறுவனம் பின்னர் வெளியிட்ட திருத்திய வாசகமே செல்லும். எங்கள் அலுவலக விதி நூல்களில் திருத்தச் சீட்டுகளை ஒட்டி ஒட்டியே நம் விரல்களில் பசை காய்ந்திருக்கிறது. ஆகவே இது நமக்கு எளிதில் விளங்கிற்று. ஒட்டாத திருத்தமும் திருத்தமே. அறியேன் என்று கூறித் தப்ப முடியாது.

அட்டை யாருடையது?

முதற் கேள்வி இவ்வாறு தீர்ந்தது. இரண்டாவது கேள்வி அதனினும் கடியது. வென்றவன் தோற்றவனின் அட்டையை எடுத்துக்கொள்ளலாமா?

நாம் பள்ளியில் படித்த காலத்தில் மல்யுத்த வீரர் படம் போட்ட ட்ரம்ப் கார்டு ஆடாத பையன் இல்லை. உயரம், எடை, மார்பளவு என்று ஒன்றைச் சொல்வோம். அதிகமுள்ளவன் எதிராளியின் அட்டையை எடுத்துக்கொள்வான். தரவரிசையில் மட்டும் குறைந்த எண்ணே பெரிது. அதில் எத்தனை சண்டை! ஆயினும் எடுத்த அட்டைகள் எல்லாம் ஆட்டம் முடிந்ததும் ஒரே பெட்டிக்குள் திரும்பிவிடும். பெட்டிக்குரியவன் வீட்டுக்கு எடுத்துச் செல்வான். கோலியிலோ, வென்ற குண்டு வென்றவனுக்கே என்று ஆடுவதும் உண்டு, அன்று என்று ஆடுவதும் உண்டு. தொடங்குமுன் சொல்லிவிடுவோம்.

1993 இல் மேஜிக் வெளிவந்தபோது அதிலும் பந்தய முறை இருந்தது. ஒவ்வொருவரும் தம் கட்டிலிருந்து ஓர் அட்டையை ஒதுக்கி வைப்பர். வென்றவர் இரண்டையும் கொள்வர். அம்முறை சூதை ஒத்திருந்தது. ஆடுவோர் பலர் விரும்பவுமில்லை. நாளடைவில் அதைக் கைவிட்டனர். பந்தயத்தைக் குறிப்பிடும் அட்டைகள் இன்று போட்டிகளில் விலக்கப்பட்டவை. போக்கிமானில் எடுக்கும் பரிசு அட்டை ஒருவர் தம் கட்டிலிருந்தே ஒதுக்கி வைத்தது, பிறர் பொருளன்று. ஆகவே நம் மகன் செய்ததற்கு விதி நூலில் ஆதாரமில்லை. எஞ்சியது ஒன்றே: இருவரும் தமக்குள் பேசி ஒப்புக்கொண்டார்களா?

“முதல்லயே சொன்னேன்பா” என்றான் மகன். “சொல்லவே இல்ல மாமா” என்றான் சிறுவன். சாட்சி இல்லை. இருவரும் தாம் கூறியதை உண்மையென்றே நம்பினர் என நாம் எண்ணுகிறோம். அவ்வேளையில் பாட்டியாரிடம் சென்று, முந்நூற்று நான்கில் இத்தகைய ஐயம் வந்தால் தோட்டத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். அவர் நம்மை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே பதில் கூறினார். “கேள்வி கூப்பிட்டது நாலு பேருக்கும் கேட்டிருக்கணும் தம்பி. ஒருத்தனுக்குக் கேக்கலன்னா மறுபடி கூப்பிடணும். கேக்காத ஆளைக் கட்டிப்போட முடியுமா?”

எரியாத விளக்குள்ள சிக்னலுக்கு நம் பொது விதி கூறுவதும் இதுவே. ஒப்புதல் தெளிவாகத் தெரியவில்லை எனில் ஒப்புதல் இல்லை என்றே கொள்ளவேண்டும்.

அன்று மாலை இரு பிள்ளைகளையும் இரு வீட்டுப் பெரியோரையும் திண்ணையில் அமர்த்தித் திருத்திய தீர்ப்பைக் கூறினோம். அட்டையைப் படிக்காமல் முன்பு கூறிய தீர்ப்பு தவறு, அதற்கு வருந்துகிறோம். முப்பதே சரி. ஆனால் கட்டுகள் அன்றே கலைந்துவிட்டமையால் ஆட்டத்தைத் திரும்ப அமைக்க இயலாது. அந்த ஆட்டத்தில் எவரும் வென்றதாகக் கொள்ளவேண்டாம். பந்தயம் செல்லாது, அட்டையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

எவ்வாறு கொடுப்பது? அட்டை மூன்றாமவன் கையில் இருந்தது. அவன் ஏதுமறியாமல் நேர்மையாக மாற்றிக்கொண்டவன். அவனை அதட்டி வாங்குவது முறையன்று. பெரியவர் போய் நின்றாலே அது அதட்டலாகிவிடும். நாம் போகவில்லை. மகனே சென்றான். வாங்கிய இரண்டு அட்டைகளையும் நீட்டினான், அவன் மறுத்தான். மேலும் ஒன்று கேட்டான். அது நம் மகன் தன் பிறந்தநாளன்று பெற்று, உறைக்குள் இட்டு, எவரையும் தொடவிடாத அட்டை. மகன் வீட்டுக்கு வந்து அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அமர்ந்திருந்தான். நம் முகத்தைப் பார்த்தான். தீர்ப்பைத் தளர்த்த நமக்கும் நா எழுந்தது, அடக்கிக்கொண்டோம். பின் எழுந்து போனான். விளக்கு வைத்தபின் திரும்பி வந்து, வேலியைத் தாண்டிச் சிறுவனின் அட்டையைக் கொடுத்தான். இரவு உணவின்போது எம்மோடு பேசவில்லை.

பெற்றோருக்குச் சில சொற்கள்

நம் அனுபவத்தில் கண்டவற்றைச் சுருக்கிக் கூறுகிறோம். ஆட்டம் தொடங்குமுன், வென்றவன் எதைப் பெறுவான் என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவேண்டும், சொல்லாதது இல்லாதது. ஐயம் எழுந்தால் முதலில் அட்டையை உரக்கப் படிக்கவேண்டும். சொல்லுக்குச் சொல் படிக்கவேண்டும். அட்டையில் விடையில்லை எனில் விதி நூலைப் பார்க்கவேண்டும். அதிலும் கிடைக்கவில்லை எனில், யாருக்கு ஆதாயம் என்று தெரியாத ஒருவரிடம் கேட்கவேண்டும். கேட்பவர், “என் பிராணி பிழைக்குமா?” என்று கேளாமல், “இத்தகைய அட்டைக்குப் பலவீனம் பொருந்துமா?” என்று கேட்டால் நடுவரின் மனம் சாயாது. மகன் ஆடிய ஆட்டத்திற்குத் தந்தை நடுவராதல் கூடாது. வேறு ஆளில்லை எனில், பிள்ளைகளின் பெயரை மறைத்துவிட்டு அட்டைகளை மட்டும் முன்னே வைத்துத் தீர்க்கட்டும். அட்டை மாற்றும்போது இளையவன் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். பளபளப்பை மட்டும் கண்டு சிறு பிள்ளைகள் ஏமாறுவர்.

இவற்றைப் பிள்ளைகளே பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதித் திண்ணைச் சுவரில் ஒட்டினர். அடியில் சிறிது இடம் விட்டு வைக்குமாறு நாம் கூறினோம்; திருத்தங்கள் வரும்.

விடுமுறை முடிந்து ஹேடோ துறைக்குப் புறப்பட்ட நாளன்று, கப்பலில் உண்பதற்கென எலுமிச்சைச் சோறு கட்டி அனுப்பினார் பாட்டியார். பொட்டலத்தை வாங்கும் நேரத்தில் திண்ணையில் மீண்டும் கூச்சல் கேட்டது. தூங்கும் பிராணி விழித்ததா இல்லையா என்பது புது வழக்கு. சிறுவர் இருவரும் நம்மிடம் ஓடி வந்தனர். அட்டை நம் மகனின் கையில் இருந்தது. “படிச்சிட்டுத்தான் வந்தோம் மாமா” என்றான் சிறியவன்.

கப்பலுக்கு நேரமாகிவிட்டது. விதி நூலை அவர்களிடமே கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம்.